ஏடு பெயர்த்தலும் கோப்பு பெயர்த்தலும்

நுழையும்முன்

ஓலை செல்லரித்தால் எழுத்து அழிந்துபோகும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். ஓர் எழுத்தும் அழியாமல் அப்படியே இருக்கும்போதே அதனைப் படிக்க இயலாமற்போகும் என்பது கணினிக் காலம் தந்த புதிய அனுபவம். மென்பொருள் ஒன்று கைவிடப்படும்போது அதில் எழுதிவைத்த ஆவணங்கள் புதிய கோப்புச் செயலிக்கு எவ்வாறு பெயர்க்கப்படுகின்றன, பெயர்க்கும் வழியில் எவையெல்லாம் தொலைகின்றன, தொலையாமல் காப்பது எப்படி என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

இயந்திரத்தின் ஆயுளும் மென்பொருளின் ஆயுளும்

சென்னைக்கு வடக்கே எண்ணூரைக் கடந்து, அத்திப்பட்டு, வள்ளூர், மீஞ்சூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை நீளும் நிலப்பகுதி, திருவள்ளூர் மாவட்டத்தின் தொழில்முகம். வள்ளூரில் தலா 500 மெகாவாட் திறன்கொண்ட மூன்று அலகுகளை உடைய அனல்மின் நிலையம் இயங்குகிறது. அவ்வலகுகள் 2012க்கும் 2015க்கும் இடைப்பட்ட காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வணிக உற்பத்தியைத் தொடங்கின. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் உள்ளது. இத்தகைய இடங்களில் கண்ணுக்குத் தெரியும் இயந்திரங்களின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெருங்குவியல் இருக்கிறது. கொதிகலனின் வரைபடங்கள், குழாய்ச் சுவரின் தடிமன் ஆண்டுதோறும் எவ்வளவு தேய்ந்தது என்னும் அளவீடுகள், ஆய்வாளர் அளித்த சான்றுகள், எந்த வால்வு எப்போது மாற்றப்பட்டது என்னும் பராமரிப்புக் குறிப்புகள், தொழிலாளர் வருகைப் பதிவுகள், ஊதியப் பட்டியல்கள் என அது விரியும்.

அனல்மின் நிலையம் ஒன்று இருபத்தைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ உழைக்கும் என்னும் கணக்கில் கட்டப்படுகிறது. அந்நிலையத்தின் ஆவணங்களைத் தாங்கும் மென்பொருளோ பத்தாண்டுகள் நிலைத்தாலே பெரிது. கொதிகலன் முதுமையடைந்து, அதன் இளமைக்கால அளவீடுகள் மிகவும் தேவைப்படும் வேளையில் அவற்றை எழுதிய மென்பொருள் உலகில் இல்லாமற் போயிருக்கும். குழாய் எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பதைப் பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிட்டே அறிய முடியும். பழைய அளவு கிடைக்காவிட்டால், வெடிக்கக்கூடிய குழாய் எது என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாது.

மென்பொருள்கள் மறைந்த வரலாறு நீண்டது. 1978இல் வெளிவந்த வேர்டுஸ்டார், ஒரு காலத்தில் அலுவலகத் தட்டச்சுப் பணியின் மறுபெயராகவே இருந்தது. இன்று அதன் பெயரை அறிந்தோரே சிலர். 1983இல் வெளிவந்து உலகெங்கும் கணக்கர்களின் கையில் தவழ்ந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருளுக்கான ஆதரவை 2014ஆம் ஆண்டு செப்டம்பரோடு ஐ.பி.எம். நிறுவனம் நிறுத்திக்கொண்டது. தமிழக அச்சகங்களில் திருமண அழைப்பிதழ் முதல் முனைவர்பட்ட ஆய்வேடு வரை வடிவமைத்துத் தந்த பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அதன்பின்னும் பல்லாண்டுகள் நம் ஊர் அச்சகங்கள் அதனை விடவில்லை. பழகிய கருவியை விடாமல் பற்றியிருந்தோரைப் பழமைவாதிகள் என்று எள்ளுவது எளிது. தம்மிடமுள்ள பழைய கோப்புகளைத் திறக்க அவர்களுக்கு வேறு வழியில்லை என்பதே உண்மை.

ஆவணத்தை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை மென்பொருள் விற்பவர் முடிவு செய்வதில்லை. சட்டம் முடிவு செய்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டப்படி ஒரு நிறுமம் தன் கணக்கேடுகளை எட்டு நிதியாண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அரசு அலுவலகங்களிலோ முடிவெடுத்த கோப்புகளை நிரந்தரமாக வைப்பவை, பத்தாண்டு வைப்பவை, அதற்கும் குறைந்த காலம் வைப்பவை எனப் பிரித்துக் கட்டும் முறை காகிதக் காலத்திலிருந்தே உண்டு. நிரந்தரம் என்னும் சொல்லைக் காகிதத்தின்மேல் எழுதுவது எளிது. கணினிக் கோப்பின்மேல் எழுதினால், அதனை ஒவ்வொரு தலைமுறை மென்பொருளுக்கும் பெயர்த்துக்கொண்டே இருப்போம் என்று வாக்களித்ததாகப் பொருள்.

கோப்புக்குள் இருப்பது என்ன?

காகிதத்தில் எழுதியதை எழுதியவரின் பேனா இல்லாமலே படிக்கலாம். கணினிக் கோப்பு அத்தகையதன்று. அதற்குள் இருப்பவை வெறும் எண்கள். எந்த எண் எழுத்தைக் குறிக்கும், எது பத்தியின் முடிவைக் குறிக்கும், எது அட்டவணையின் கோட்டைக் குறிக்கும் என்பதெல்லாம் ஓர் உடன்பாடு. அவ்வுடன்பாட்டிற்குக் கோப்பு வடிவம் என்று பெயர். உடன்பாட்டை அதனை உருவாக்கிய நிறுவனம் மட்டுமே அறிந்திருந்தால் அது மூடிய வடிவம். எவரும் படித்துப் பின்பற்றும்படி வெளியிடப்பட்டிருந்தால் அது திறந்த வடிவம். மூடிய வடிவில் எழுதிய கோப்பு, திறவுகோல் மற்றொருவரிடம் இருக்கும் பெட்டியைப் போன்றது. பெட்டி நம் வீட்டிலேயே இருக்கும். உள்ளே உள்ள பொருளும் நம்முடையதே. ஆயினும் திறவுகோல் வைத்திருப்பவர் கடையை மூடிவிட்டால் பெட்டி திறவாது.

இதனாலேயே நெடுங்காலம் வைக்கவேண்டிய ஆவணங்களுக்கெனப் பொதுத்தரங்கள் உருவாயின. பி.டி.எஃப்./ஏ என்னும் வடிவம் 2005இல் பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாயிற்று. எழுத்துருக்களையும் கோப்பினுள்ளேயே பொதிந்துவைப்பது அதன் சிறப்பு. ஓ.டி.எஃப். என்னும் திறந்த ஆவண வடிவம் 2006இல் அத்தகைய தகுதியைப் பெற்றது.

புதிய செயலிக்கு மாறும்போது பெரும்பாலோர் எழுத்து மாறாமல் வந்ததா என்று மட்டுமே பார்க்கின்றனர். எழுத்தைச் சுற்றியிருக்கும் செய்திகளே முதலில் தொலைகின்றன. கோப்பை உருவாக்கியவர் யார், எந்நாளில் உருவாக்கினார், அதனை யார் யார் திருத்தினர், அது எந்தக் கோப்புறையில் இருந்தது, எந்தக் கடிதத்துக்கு விடையாக எழுந்தது என்பன போன்ற செய்திகளைத் தரவைப் பற்றிய தரவு என்பர். பழைய செயலியிலிருந்து ஆயிரம் கோப்புகளை ஒரே நாளில் ஏற்றுமதி செய்தால், ஆயிரத்துக்கும் அந்த ஒரே நாளே தோன்றிய நாளாகப் பதிவாகிவிடுவது உண்டு. முப்பதாண்டுக் கடிதப் போக்குவரத்து ஒரு பிற்பகலில் நிகழ்ந்ததுபோல் புதிய செயலி காட்டும்.

இந்தியச் சட்டம் இதனை முன்னறிந்தே பேசியுள்ளது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, மின்னணு வடிவில் ஆவணத்தைப் பேணுவதற்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. அதிலுள்ள செய்தி பின்னர் எடுத்துப் பார்க்கும்படி எட்டும் நிலையில் இருக்க வேண்டும். முதலில் உருவான வடிவிலேயோ, முதலில் இருந்த செய்தியைத் துல்லியமாகக் காட்டுகிறது என்று மெய்ப்பிக்கத்தக்க வேறு வடிவிலேயோ அது இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது, எங்குச் சென்றது, எந்நாள் எந்நேரம் அனுப்பப்பட்டது அல்லது பெறப்பட்டது என்னும் விவரங்களும் கிடைக்க வேண்டும். வடிவம் மாறலாம் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது; மாறியதால் பொருள் மாறவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை வைத்திருப்பவரிடம் விடுகிறது.

தெரிந்து தெளிவோம்

1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்துத் தோலில் எழுதிய டோம்ஸ்டே ஏட்டின் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986இல் பி.பி.சி. நிறுவனம் அந்நாட்டு வாழ்வைப் படங்களாகவும் கட்டுரைகளாகவும் திரட்டி லேசர் வட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகள் கடப்பதற்குள் அவ்வட்டுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாயின. ஆய்வாளர்கள் பெருமுயற்சி செய்தே அவற்றை மீட்டனர். 1086இல் எழுதிய ஏட்டையோ இன்றும் கண்ணால் படிக்கலாம்.

தமிழ்க் கோப்புகளுக்கு நேர்ந்த இடர்

ஆங்கிலக் கோப்புகளைப் பெயர்ப்போருக்கு இல்லாத ஓர் இடர் தமிழ்க் கோப்புகளைப் பெயர்ப்போருக்கு உண்டு. ஆங்கில எழுத்துகளுக்கு எந்த எண் என்பது 1960களிலேயே உறுதியாகிவிட்டது. தமிழுக்கு அத்தகைய பொது உடன்பாடு கணினியில் தொடக்கத்தில் இல்லை. எனவே, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை வரைந்து எழுத்துருக்கள் உருவாக்கப்பட்டன. சான்றாக, பாமினி எழுத்துருவைப் பார்க்கலாம். பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பை ஒட்டி அமைந்த இவ்வெழுத்துரு, இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடத்தும் தமிழகத்திலும் பரவலாகப் பயன்பட்டது. இதில் ‘தமிழ்’ என்று திரையில் தோன்றுவதற்காகக் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. கணினியைப் பொறுத்தவரை அக்கோப்பில் தமிழ் என்பதே கிடையாது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவை மட்டும் தெரியும்.

இத்தகைய எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் படிக்கவியலாது. தொடக்கக்கால இணையத்தில் ஓர் இதழைப் படிக்க அந்த இதழுக்குரிய எழுத்துருவைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது; நான்கு இதழ்கள் படிப்பவர் நான்கு எழுத்துருக்களோடு போராடினார். இக்குழப்பத்தைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியேற்ற முறைகளும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. தன்னார்வலர்கள் கூடி இணையம் வழியாகவே விவாதித்து வடிவமைத்த திஸ்கி என்னும் குறியேற்றமும் அதே காலத்தில் வழக்கில் இருந்தது. இதற்கிடையே, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணையில் இடம் தரும் ஒருங்குறி 1991இலேயே வெளிவந்து, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. 2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற காலத்தில், ஒருங்குறியையும், ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 என்னும் குறியேற்றத்தையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. அதற்குமுன் அலுவலகங்களில் தட்டச்சான கோப்புகள் அனைத்தும் அன்றே பழைய கோப்புகளாயின.

பழைய எழுத்துருக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுவது, ஓர் எண்ணை எடுத்துவிட்டு மற்றோர் எண்ணை வைக்கும் வேலை என்று தோன்றும். அது பாதிதான் உண்மை. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளைச் சேமித்தன. ‘கொ’ என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என இடமிருந்து வலமாக மூன்று துண்டுகளாக வைத்தன. ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில், முதலில் ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் வைக்கிறது. ஆகவே மாற்றும் நிரல், துண்டுகளைக் கலைத்து மீண்டும் கோக்க வேண்டும்.

கோக்கும்போது எழும் சிக்கலுக்கு இணையத்தில் இன்றும் நாள்தோறும் காணக்கூடிய சான்று ஒன்று உண்டு. ‘வெளியீடு’, ‘தெளிவு’ என்று இருக்கவேண்டிய சொற்கள் சில பக்கங்களில் ‘வௌியீடு’, ‘தௌிவு’ என்று விந்தையாகத் தெரிவதைக் காணலாம். எழுதியவரின் எழுத்துப்பிழை அன்று இது. பெயர்த்த நிரலின் பிழை. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. ‘வௌ’ என்பதும், ‘வெ’ என்பதைத் தொடர்ந்து ‘ள’ வருவதும் கோப்புக்குள் ஒன்றுபோலவே இருக்கும். நிரல் ஔகாரத்தையே முதலில் தேடுவதால், ‘வெளி’ என்னும் சொல்லின் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து ‘வௌ’ என்று ஆக்கிவிட்டு, எஞ்சிய இகரக் குறியை அநாதையாக விட்டுவிடுகிறது. ‘கெளிறு’ என்னும் மீன்பெயரும் இப்படியே சிதையும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ஔகாரம் ஆகாது என்னும் ஒரு விதியைச் சேர்த்தால் பெரும்பகுதிப் பிழை நீங்கும். தமிழ் எழுத்தியலில் ஒரு வரி தெரிந்த ஒருவர் நிரல் எழுதுவோர் அருகில் இருந்திருந்தால் போதும்.

பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்தோர் இச்சிக்கலைக் கேட்டால் வியப்படையமாட்டார்கள். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கும். எது எதுவென்று சொல்லின் பொருளும் யாப்பும் அறிந்தவரே துணிய முடியும். ஓலை சில தலைமுறைகளில் நைந்துபோகும் ஆதலால், பழுதடையுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதுவது மரபாயிற்று. அங்ஙனம் பெயர்த்தெழுதியோர் செய்த பிழைகளே பாடவேறுபாடுகளுக்கு ஒரு காரணம். ஒரு நூலின் பல படிகளைத் தேடித் திரட்டி, ஒப்பிட்டு, எப்படியில் எப்பாடம் உள்ளது என்பதை அடிக்குறிப்பில் காட்டிய உ.வே.சாமிநாதையரின் பதிப்புமுறை, இன்று கோப்பு பெயர்ப்போர் செய்யவேண்டியதற்கு நெருங்கிய முன்மாதிரி. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் தோன்றும் சிக்கல்கூட ஓலையோடு ஒழியவில்லை. சில எழுத்துருக்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருந்ததால், தட்டச்சு செய்தோர் ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை இட்டனர். திரையில் சொல் சரியாகவே தெரியும். தேடினால் மட்டும் கிடைக்காது.

ஒருங்குறிக்குள் வந்துவிட்டாலும் முழு அமைதி கிட்டுவதில்லை. ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுத ஒருங்குறி இடம் தருகிறது. இரண்டும் சமம் என்பது அதன் விதி. அவ்விதியைப் பின்பற்றாத செயலியில் ஒரே சொல் இரு சொற்களாக எண்ணப்படும். பி.டி.எஃப். கோப்புகளில் இன்னொரு மயக்கம் உண்டு. பாமினியில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்கிய ஆவணம் எந்தக் கணினியிலும் அழகிய தமிழாகத் தெரியும். அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டிப் பார்த்தால் அதே ஆங்கிலக் கோவை வெளிப்படும். கண்ணுக்கு ஆவணம் பிழைத்திருக்கிறது. தேடலுக்கும் ஒலிவடிவில் படித்துக்காட்டும் கருவியை நம்பியிருக்கும் பார்வைக்குறையுடையோருக்கும் அது இல்லாதது போலத்தான்.

இவ்விடர்களைக் கடந்து பெருந்தொகுதி ஒன்று பெயர்ந்ததற்கு நல்ல சான்று மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கி, தமிழிலக்கியங்களை மின்பதிப்பாக்கி இலவசமாக வழங்கிவரும் இத்தன்னார்வத் திட்டம், தொடக்கத்தில் எழுத்துரு சார்ந்த குறியேற்றத்திலும் பின்னர்த் திஸ்கியிலும் நூல்களை வெளியிட்டு, காலப்போக்கில் ஒருங்குறிக்கு மாறியது. உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் தட்டச்சு செய்வதும் மெய்ப்புப் பார்ப்பதுமாகப் பங்கேற்றதால், ஒவ்வொரு பெயர்ப்பிலும் மனிதக் கண் ஒன்று உடன் இருந்தது.

எண்ணும் நாளும் மாறும் விதம்

எழுத்துப்பிழை கண்ணில் படும். எண்ணில் நேரும் பிழை எளிதில் படாது. அதனால் அது கொடியது. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதியில் தொழிற்சாலையொன்று தன் ஊதிய மென்பொருளை மாற்றுவதாகக் கொள்வோம். பழைய மென்பொருளிலிருந்து தொழிலாளர் விவரங்களை விரிதாளாக ஏற்றுமதி செய்து புதியதில் ஏற்றுகின்றனர். விரிதாள் மென்பொருள்கள் நாளை நாளாகச் சேமிப்பதில்லை. ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்னும் எண்ணாகவே சேமிக்கின்றன. ஒரு முறை 1900ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணும். மேக்கின்டாஷ் கணினிகளுக்கெனத் தோன்றிய மற்றொரு முறை 1904ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணும். இரண்டுக்கும் இடையே 1,462 நாள் வேறுபாடு. ஒரு முறையில் எழுதிய எண்ணை மற்றொரு முறையில் படித்தால், நாள்கள் அனைத்தும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் நகர்ந்துவிடும்.

2008 ஜூன் 12 அன்று பணியில் சேர்ந்த தொழிலாளி, இவ்வாறு 2012 ஜூன் 13 அன்று சேர்ந்தவராக மாறலாம். அவர் 2020 ஜூன் இறுதியில் பணியை விட்டிருந்தால், பன்னிரண்டு ஆண்டுப் பணிக்காலம் எட்டு ஆண்டாகச் சுருங்கும். 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டுப் பணி தேவை. உழைத்த நான்கு ஆண்டுகளை எவரும் திருடவில்லை. ஒரு விரிதாள் அவற்றைத் தவறாகப் படித்தது, அவ்வளவே. ஆனால் நியமன ஆணையைப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திராத தொழிலாளி அதனை எப்படி மெய்ப்பிப்பார்? (விரிதாள்களின் நாட்கணக்கில் வேடிக்கை ஒன்றும் உண்டு. 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டு அன்று. லோட்டஸ் 1-2-3 அதனை லீப் ஆண்டாகக் கொண்டது; லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல்லும் அப்பிழையைத் தெரிந்தே ஏற்றது. உலகில் ஒருபோதும் விடியாத 1900 பிப்ரவரி 29 இன்றும் எக்செல்லில் விடிந்துகொண்டிருக்கிறது. பெயர்க்கப்பட்ட பிழையின் ஆயுள் சிலவேளை மூல மென்பொருளின் ஆயுளைவிட நீளம்.)

எண்களின் முன்னால் நிற்கும் சுழிகள் அடுத்த பலி. 00417 என்னும் தொழிலாளர் எண்ணைக் கணக்கிடத்தக்க எண் என்று எண்ணி, விரிதாள் அதனை 417 என்று ஆக்கிவிடும். பதினைந்து இலக்கங்களுக்குமேல் எக்செல்லின் துல்லியம் செல்லாது. பதினாறு இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். பெயர்களுக்கோ இடப்பற்றாக்குறை. பழைய எழுத்துருக் கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பைட்டு போதும். ஒருங்குறியின் பரவலான யு.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல் ஐந்து பைட்டிலிருந்து பதினைந்தாக விரியும். பெயருக்கு முப்பது பைட்டு என்று அளவு வகுத்த பழைய தரவுத்தளத்தில் ‘முத்துலட்சுமி’ என்னும் பெயரை ஒருங்குறியில் இட்டால், பத்துக் குறிகளோடு இடம் தீர்ந்து ‘முத்துலட்ச’ என்று நின்றுவிடும். ஒரு சான்றிதழில் ஒரு பெயரும் மற்றொன்றில் அரைப் பெயருமாக அலையும் ஒருவருக்கு, இக்கணக்கு நகைப்பதற்கு உரியதன்று.

பெயர்க்கும் முறை

இவ்வளவு இடர்கள் உள்ளன என்பதால் பெயர்க்காமல் இருந்துவிட முடியாது. பெயர்ப்பவர் முதலில் செய்யவேண்டியது கணக்கெடுப்பு. எத்தனை கோப்புகள், எந்தெந்த வடிவில், எந்தெந்த எழுத்துருவில், எவ்வாண்டைச் சேர்ந்தவை என்னும் பட்டியல் இல்லாமல் தொடங்கினால், முடிந்ததா இல்லையா என்பதே தெரியாது. இப்பணி பழைய மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே நடைபெற வேண்டும். நிறுத்தம் அறிவிக்கப்பட்ட பின்னும் சில மாதங்கள் அவகாசம் தரப்படுவது உண்டு; அந்த அவகாசத்தின் கடைசி வாரத்தில்தான் பலரும் விழித்துக்கொள்கின்றனர்.

அடுத்தது, எதனைப் பெயர்ப்பது, எதனை விடுவது என்னும் தேர்வு. இதனைக் கணினிப் பிரிவிடம் மட்டும் விட்டுவிடுவது தவறு. எந்த அளவீடு நாளை தேவைப்படும் என்பதைக் கொதிகலனோடு பழகிய பொறியாளரும், எந்தப் பதிவேடு தொழிலாளியின் உரிமையைத் தாங்கி நிற்கிறது என்பதைப் பணியாளர் பிரிவின் மூத்த எழுத்தரும் அறிவர். வைப்புக்காலம் முடிந்த கோப்புகளை முறைப்படி கழிப்பதும் பேணலின் பகுதியே. குப்பையையும் சேர்த்துப் பெயர்த்தால் தேவையான கோப்பு அதற்குள் புதைந்துபோகும்.

பெயர்ப்பதற்கு முன் மூலக்கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணித்து வைப்பர். இது கோப்பின் கைரேகை. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் இவ்வெண் முற்றிலும் மாறிவிடும். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறை எவ்வளவு பெரிய கோப்புக்கும் 64 குறிகள் கொண்ட ஒரே அளவான கைரேகையைத் தருகிறது. வட்டிலிருந்து வட்டுக்குப் படியெடுக்கும்போது கோப்பு சிதையவில்லை என்பதற்கு இதுவே சான்று. வடிவம் மாற்றிய கோப்புக்கு இக்கைரேகை பொருந்தாது. அங்கே உள்ளடக்கத்தைத்தான் ஒப்பிட வேண்டும். தொழிலாளர் எண்ணிக்கை இரு பக்கத்திலும் ஒன்றா, ஊதியத்தின் கூட்டுத்தொகை பொருந்துகிறதா, மிகப் பழைய நாளும் மிகப் புதிய நாளும் மாறாமல் உள்ளனவா என்று பார்த்தால், மேலே சொன்ன நான்காண்டுப் பிழை அப்போதே பிடிபடும். எழுத்துக் கோப்புகளில், ஔகாரம் வரும் சொற்களையும் இரட்டைக்கொம்பு, ஒற்றைக்கொம்பு வரும் சொற்களையும் தனியே எடுத்து ஒரு மனிதர் படித்துப் பார்ப்பதற்கு ஈடு இல்லை. மாதிரிக்குப் பத்துக் கோப்புகளை எடுப்போர், எளியவற்றை எடுக்காமல் அட்டவணையும் ஆங்கிலமும் கணிதக் குறிகளும் கலந்த கடினமானவற்றையே எடுக்க வேண்டும். ஆங்கிலமும் தமிழும் கலந்த பழைய கோப்பில், எப்பகுதிக்கு எந்த எழுத்துரு என்னும் குறிப்பு போய்விட்டால், எது உண்மையான ஆங்கிலம், எது ஆங்கில வேடமிட்ட தமிழ் என்று நிரலால் பிரிக்க முடியாது.

சில காலம் பழைய முறையும் புதிய முறையும் இணையாக இயங்கும்படி விடுவர். ஊதியமாயின் இரண்டு மூன்று மாதங்களுக்கு இரண்டிலும் கணக்கிட்டு ஒப்பிடுவது வழக்கம். இருமடங்கு வேலை என்று எழுத்தர்கள் சலித்துக்கொள்வது இயல்பு, அச்சலிப்பு நியாயமானதும்கூட. ஆயினும் மாற்றத்தில் நேர்ந்த பிழைகளில் பெரும்பாலானவற்றை முதலில் கண்டுபிடிப்போர் அவர்களே.

மூலத்தின் நிலை

பெயர்த்தெழுதி முடிந்தபின் நைந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. பெயர்த்தெழுதாமலே விட்டதால் மறைந்த நூல்களும் உண்டு. கணினிக் கோப்புகளில் மூலத்தை ஆற்றில் விடவேண்டிய தேவையே இல்லை. பெயர்த்த படியையும் பெயர்க்காத மூலத்தையும் சேர்த்து வைப்பதற்கான இடச்செலவு மிகக் குறைவு. இன்றைய மாற்றியில் உள்ள பிழை நாளை தெரியவந்தால், மூலத்திலிருந்து மீண்டும் பெயர்க்கலாம். மூலத்தை அழித்தவர் ‘வௌியீடு’ என்பதோடுதான் வாழவேண்டும். மூலத்தோடு அதன் எழுத்துருக் கோப்பையும் சேர்த்துவைப்பது அறிவுடைமை. எழுத்துரு இல்லாத பாமினிக் கோப்பு, அகரவரிசை தொலைந்த மொழியைப் போன்றது.

வடிவம் மாற்றவே இயலாத கோப்புகளுக்கு வேறொரு வழி உண்டு. பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலைப் புதிய கணினிக்குள் இயக்கி, அதனுள் பழைய மென்பொருளை எழுப்பி, கோப்பை அதன் சொந்த வீட்டிலேயே திறந்து பார்ப்பது அவ்வழி. இதற்குப் போலச்செய்தல் முறை என்று பெயர். வேர்டுஸ்டார் கோப்பைத் திறக்க 1980களின் கணினியொன்று மடிக்கணினிக்குள் சில நொடியில் உயிர்பெற்று எழுகிறது. கோப்போடு சேர்த்துவைக்க வேண்டிய தாள் ஒன்றும் உண்டு. எந்நாளில், எந்த மாற்றியின் எந்தப் பதிப்பால், யார் பெயர்த்தார், எவ்வெவ்விடங்களில் கையால் திருத்தினார், எவ்விடங்கள் ஐயத்துக்குரியவை என்பன அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இருபதாண்டுக்குப்பின் அக்கோப்பைத் திறப்பவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.